விளக்குக்கு முக்காடு போட்ட அக்கா

கதாநாயகி மழையில் நனைந்து அழுதுகொண்டிருந்தாள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்க, என் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படம் ஓட்டுகிற மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் அந்தப் பக்கம் ஓடுதுக்கா."

"அது ஓடட்டும். இங்க பாரு பாப்பா. வெளிச்சம் முன்னால போகுது, சூடு மேல போகுது."

மெஷினின் தலையில் ஒரு தகரக் குழாய் இருந்தது. அதன் வாய்க்கு மேலே காற்று கானல் மாதிரி நெளிந்தது. அக்கா எழுந்துபோய்க் குழாய்க்கு மேல் உள்ளங்கையை நீட்டி, "ஆ!" என்று இழுத்துக்கொண்டார். அப்புறம் அதே கையை முன்னால் வெளிச்சத்தில் நீட்டினார். கதாநாயகியின் முகத்தில் ஐந்து விரல்கள் பூதம் மாதிரி எழுந்தன.

"யாருலா அது? கைய எடு!" என்று திடல் முழுக்கக் கத்தியது.

அக்கா அசரவில்லை. பாயில் வந்து உட்கார்ந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ரெண்டையும் தனித்தனியா பிரிக்க முடியுது பாப்பா. நமக்கு வழி கெடச்சிருச்சு!"

என்ன வழி என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ராசா டவுனில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அது யாரென்று தெரிந்திருக்காது. எல்லாருக்கும் அவர் 'ஆத்து அக்கா'. தண்ணீர் ஓடுகிற ஆறு இல்லை, தேத்தண்ணி ஆத்துகிற ஆத்து. உலகத்தில் உள்ள எல்லாத் துன்பத்துக்கும் அக்காவிடம் ஒரே காரணம்தான் உண்டு: சூடு. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் உண்டு: ஆத்து.

தலைவலியா, சூடு. முகத்தில் பருவா, சூடு. பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ரவாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளா, "சூட்டுல போயிருக்கா, ஆறுனா வந்துருவா." அவளும் ஆறி வந்தாள். அக்கா சொன்னது பலித்ததிலேயே ரொம்பப் பெரிய தொல்லை அதுதான், ஏனென்றால் அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

டுரியான் சாப்பிட்டால் அந்தத் தொலியிலேயே தண்ணீர் ஊற்றிக் குடிக்காமல் எங்களை எழுந்திருக்க விடமாட்டார். சரி, அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் டெலிவிஷனுக்கும் அதே நியாயம். அது ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் ஒரு மேசைக் காற்றாடி வைத்திருப்பார். வியர்த்து வழிந்துகொண்டு நாங்கள் முன்னால் உட்கார்ந்திருப்போம், டெலிவிஷன் பின்னால் சுகமாகக் காற்று வாங்கும். "எங்களுக்கு காத்து வேணாமாக்கா?" என்று கேட்டால், "நீ வாயத் தொறந்து சொல்லுவ. அது சொல்லுமா?" என்பார்.

யூனிவர்சிட்டிக்குப் போக எழுதுகிற ஆறாம் படிவப் பரீட்சைக்கு நான் போனபோது என் தலையைக்கூட அவர் விடவில்லை. மூளை சூடாகும் என்று ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துத் தலையில் அப்பிக் குளிப்பாட்டி அனுப்பினார். பௌதிகப் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த சீனப் பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அந்த மாதங்களில்தான் நான் அக்கா வீட்டிலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். சும்மா இருக்கத் தெரியாதவள் நான். வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ரவாங்கில் ஒரு பேக்டரியில் அக்கா லைன் லீடர். காலை ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "சயின்ஸ்காரி, பசியாறிட்டியா? வா, வேலை இருக்கு!"

வேலை, கொத்தமல்லி.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற லோரி ஓட்டினார். லோரி ராசா வழியாகத்தான் போகும். விடியற்காலையில் வாசலில் நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அக்காவுக்கென்று எடுத்து வைத்த கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கட்டை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு மேலே வைத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். மலையில் பச்சையாகப் பறித்தது ராசா வந்து சேரும்போது துவண்டு கிடக்கும்.

ஒருநாள் அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இது என்னாங்க, கொத்தமல்லியா, அவிச்ச கீரையா?"

"எஞ்சின் சூடு. நான் என்னா பண்ண?"

"உங்களுக்கும் இந்தச் சூடுதான ஏறும்? இந்த மலை லோரிய விடுங்கன்னா கேக்குறீங்களா. பேக்டரி பஸ்ஸுக்கு டிரைவர் தேடுறாங்க. தரையில ஓட்டலாம். சாயங்காலம் வீட்டுக்கு வரலாம்."

இதை அக்கா அதற்கு முன்னாலும் பல தடவை சொல்லியிருக்கிறார். தாப்பாவிலிருந்து ஏறுகிற அந்த ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பயம் என்ற வார்த்தையை அக்கா வாயில் நான் கேட்டதே கிடையாது. "மலை ஏறி ஏறி அவருக்கு ஒடம்பு சூடாயிருச்சு" என்பார், அவ்வளவுதான்.

மாமா சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிற ஆள். "மலையில வெளையுறது இங்க வெளையுமா? வெளையாதுல்ல? அதுக்குத்தான் ஒருத்தன் மலை ஏற வேண்டியிருக்கு. நீ இங்க கொத்தமல்லி வெளைய வச்சிரு, நான் எதுக்கு மலை ஏறப் போறேன்?"

அக்கா கட்டைக் கீழே வைத்தார். "வெளைய வச்சா ஏற மாட்டீங்களா?"

"ஏற மாட்டேன் லா."

"இது சொன்ன சொல்லுதான?"

"சொல்லு சொல்லுதான்."

"பாப்பா, நீதான் சாட்சி" என்றார் அக்கா. மாமா தேத்தண்ணியை மடக்கென்று குடித்துவிட்டு, விளையாட்டுக்கு எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். விளையாட்டாகப் போகவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்கே மசாலா டப்பாவிலிருந்து மல்லி விதை வெளியே வந்தது. செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து முன்வாசல் தொட்டியில் போட்டோம். வெயில் அதைக் கருக்கியது. திரும்பப் போட்டோம். மத்தியான மழை அடித்துச் சாய்த்தது. மூன்றாவதாக முளைத்ததை எதிர்வீட்டு ஆடு பார்த்துக்கொண்டது. சரி என்று தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனோம். எங்கள் தாமான் வீடுகளின் உள் அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். செடி வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, சீக்காளி மாதிரி சாய்ந்து படுத்தது.

"வெளிச்சம் பத்தல" என்றேன் நான், கண்டுபிடித்தவள் மாதிரி.

பேக்டரியில் பழைய மெர்க்குரி விளக்குகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட்டில் காட்டச் சீட்டும் வாங்கி, ஒன்றைச் சோக்கோடு மடியில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி பஸ்ஸில் கொண்டுவந்தார். நான் வயர் கட்டினேன். விளக்கு நீலமாக முழித்து, அப்புறம் வெள்ளையாகி, அறையே கோலாலம்பூர் ரோடு மாதிரி ஆகிவிட்டது. செடியும் நிமிர்ந்தது. ரெண்டு நாளில் நுனியெல்லாம் சுருண்டுவிட்டது. விளக்கைத் தூக்கிக் கட்டினால் வெளிச்சம் பத்தவில்லை, இறக்கிக் கட்டினால் கருகியது.

அக்கா செடியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் துக்கம் இல்லை. சாமி கண்ட மாதிரி ஒரு திருப்தி.

"நான் சொல்லல? சூடு!"

அந்த வாரம்தான் திடலில் படம் போட்டார்கள்.

அப்புறம் நடந்ததை நான் நோட்டில் படம் படமாக வரைந்து, பௌதிகப் புத்தகத்தைப் புரட்டி, அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். விளக்கை ஒரு கூண்டுக்குள் அடைக்க வேண்டும். கூண்டின் அடி கண்ணாடி, வெளிச்சம் அது வழியாகச் செடிக்கு இறங்கும். கூண்டுக்குள் ஒரு பக்கம் காற்று நுழைந்து, சூட்டை வாரிக்கொண்டு இன்னொரு பக்கம் வெளியே போய்விட வேண்டும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது விளக்குக்கு முக்காடு போடணும். இத சொல்ல இவ்வளவு படமா?" என்றார்.

அதற்கு அதுதான் பேராகிவிட்டது, முக்காடு.

சீனர் கடையில் ஒரு பெரிய பிஸ்கட் தகரம் கேட்டு வாங்கினோம். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பேக்டரியில் கழித்த ஏதோ மெஷினிலிருந்து சின்னக் காற்றாடி ஒன்று வந்தது. காலி மாவுப்பால் டின்களுக்கு இரண்டு பக்கமும் வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டினால் குழாய். அது ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே வெளியே மூக்கை நீட்டியது. அடிக் கண்ணாடிக்குத்தான் அளவு கிடைக்கவில்லை. அக்கா ஹாலில் போய் நின்று சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, கல்யாணப் படத்தை இறக்கிச் சட்டத்தைக் கழற்றினார்.

"அக்கா! கல்யாணப் படம்!"

"படத்த எடுக்கலடி, கண்ணாடியத்தான் எடுக்குறேன். அவருக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

மாலையும் பவுடருமாக நின்ற மாமா அதற்கப்புறம் கண்ணாடி இல்லாமலேயே சுவரில் தொங்கினார்.

காற்றாடியை மாட்டுவதில் எங்களுக்குப் பெரிய சண்டை. உறிஞ்சி வெளியே தள்ளும்படி மாட்ட வேண்டும் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. "தேத்தண்ணி சூடா இருந்தா நீ என்னா செய்வ? ஊதுவியா, உறிஞ்சுவியா?" இதற்குப் பௌதிகத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கும்போது அது ஞாபகத்துக்கு வராது. அவர் இஷ்டப்படியே காற்றாடி வெளியிலிருந்து விளக்கை நோக்கி ஊதும்படி மாட்டினோம். குழாய் வழியாக உள்ளே வந்த காற்று விளக்கில் மோதி, போக வழி தெரியாமல், சூட்டையெல்லாம் திரட்டித் தகரத்தின் இடுக்குகள் வழியே செடிமேல் கொட்டியது. மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கமகமவென்று வாசம். சாம்பாருக்கு மல்லி வறுக்கிற வாசம்.

ஷிப்டு முடிந்து வந்த அக்கா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "யாரு வீட்டுல கொழம்பு?"

"நம்ம வீட்டுலதான்க்கா."

உள்ளே போய்த் தொட்டியில் கருகிக் கிடந்ததைக் கிள்ளி மோந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சரி, உறிஞ்சட்டும்."

அவர் வாயால் நான் கேட்ட ஒரே தோல்வி வாக்குமூலம் அது. அதையும் அடுத்த நாளே திரும்ப வாங்கிக்கொண்டார். காற்றாடி உறிஞ்சும், சரி. ஆனால் உள்ளே நுழைகிற காற்றே சூடாக இருந்தால்? அக்கா ரவாங்கில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு கட்டு வெட்டிவேர் வாங்கி வந்தார். நனைத்து, காற்று நுழைகிற ஓட்டைக்கு எதிரில் திரை மாதிரி தொங்கவிட்டார். கரண்டுப் பக்கம் தண்ணீர் சொட்டிவிடப் போகிறதே என்று நான் கீழே தண்ணீர்ப் பேசினை வைத்துக்கொண்டு அலறினேன். அவர் கண்ணை மூடிக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "இது கேமரன்டி" என்றார்.

பேக்டரியில் செய்தி பரவிவிட்டது. அக்கா லைனில் எல்லாரும் மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், நம் பெண்கள் என்று பேதமில்லாமல் அக்காவை மலாயில் 'காக்கா' என்று கூப்பிட்டுப் பஸ்ஸில் கேட்பார்களாம்: "காக்கா, கொத்தமல்லி எப்படி இருக்கு? காய்ச்சல் போச்சா?" மாமாவும் சும்மா விடவில்லை. லோரியை நிறுத்திவிட்டு அறைக் கதவில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார். "முக்காடு போட்ட லைட்டு, முக்காடு போடாத பொண்டாட்டி. யாரு வீட்டுக்கு வந்துட்டேன் நான்?"

அக்கா தேத்தண்ணியை ஆத்திக் கொடுப்பார்.

ஒருநாள் காலை மாமா வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. தபால் கொண்டுவந்தவர் மலை ரோட்டில் ஒரு காய்கறி லோரி கவிழ்ந்துவிட்டதாம் என்று சொல்லிவிட்டு, யார் வீட்டு வாசலில் நின்று சொல்கிறோம் என்று அப்புறம் புரிந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று அக்காவுக்கு மத்தியான ஷிப்டு. அவர் அழவில்லை, யாரையும் கேட்கவும் ஓடவில்லை. மாமாவுக்குப் போட்டு வைத்த தேத்தண்ணியை எடுத்து ஆத்த ஆரம்பித்தார். கோப்பையிலிருந்து குவளைக்கு, குவளையிலிருந்து கோப்பைக்கு. நுரை வந்து அடங்கி, ஆவி நின்று, அது பச்சைத் தண்ணியாக ஆன பிறகும் ஆத்திக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே காற்றாடி மட்டும் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

லோரி சத்தம் கேட்டது. மாமா இறங்கினார். கவிழ்ந்தது வேறு லோரி. ரோட்டை அடைத்துக்கொண்டதில் எல்லாரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், முட்டைக்கோசுதான் பள்ளம் முழுக்க உருண்டதாம். அதையும் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "போய்க் குளிங்க. ஒடம்பு சூடா இருக்கும்."

அன்றைக்கு மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கொத்தமல்லி விளைந்தது. நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம், நான் சாட்சி. கடையில் விற்கிற கட்டு மாதிரி இல்லை. கொஞ்சம் சன்னம், கொஞ்சம் வெளிர், முக்காட்டுப் பக்கம் எல்லாமே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. ஆனாலும் பச்சை, ஓரம் கருகாத பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை உட்காரவைத்து ரசம் ஊற்றினார் அக்கா. மேலே எங்கள் விளைச்சல் மிதந்தது. ஒரு கொத்தைப் பச்சையாகவும் இலை ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து அங்கேயே நின்றார்.

மாமா அந்தக் கொத்தை வாயில் போட்டு மென்றார். நெற்றியைச் சுருக்கினார். திரும்ப மென்றார்.

"என்னாங்க?"

"வெட்டிவேர் வாசம் அடிக்குது."

"வாசத்த விடுங்க. வெளஞ்சுதா இல்லியா?"

மாமா ரசத்தை உறிஞ்சினார்.

"வெளஞ்சுது" என்றார் மாமா.

"அப்ப?"

"சொல்லு சொல்லுதான்" என்றார். இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார்.

அக்கா அன்று பூராவும் பாடிக்கொண்டே துணி துவைத்தார். மறுநாள் பஸ் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்பதைக்கூட விசாரித்து வந்தார். மாமா லோரியோடு கிளம்பியபோது, முதலாளி தவுக்கேயிடம் அதை ஒப்படைக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கடுத்த நாள் விடியற்காலையில் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான லோரிச் சத்தம் வாசலில் கேட்டது. நான் சுவரை எட்டிக் குதிக்காத குறையாக ஓடினேன். அக்கா ஏற்கெனவே ரோட்டில் நின்றிருந்தார்.

"ஏறிட்டீங்களா?"

"ஏறுனேன்."

"சொல்லு சொல்லுதான்னீங்க!"

"ஆமா லா. வந்து பாரு." மாமா பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். "முட்டக்கோசு இருக்கு. கேரட் இருக்கு. தக்காளி, சலாட் கீரை, எல்லாம் இருக்கு. கொத்தமல்லி இருக்கா பாரு. கூடையே ஏத்தல. இனிமே ஏத்தமாட்டேன்னு தவுக்கேகிட்டயும் சொல்லிட்டேன், அவன் என்னைப் பைத்தியம்னு நெனச்சிக்கிட்டான். கொத்தமல்லி வீட்டுல வெளையுது. அதுக்கு நான் மலை ஏறமாட்டேன். மத்தது வீட்டுல வெளையலயே!"

இளித்துக்கொண்டு நின்றார். அக்கா இப்போது சூடாவார், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அதைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன். அக்கா லோரியின் வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் வரைக்கும் நடந்தார். கூடை கூடையாகப் பார்த்தார். ஒரு முட்டைக்கோசைத் தூக்கி எடை பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமாவுக்குத் தேத்தண்ணியை ஆத்திக் கொடுத்து, "பாத்துப் போங்க" என்று அனுப்பிவைத்தார்.

லோரி திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து அலமாரியைத் திறந்தார். மாமாவின் சட்டைகளை அள்ளிக் கட்டில்மேல் போட்டார். முட்டைக்கோசை நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தார்.

"இந்த அலமாரி முழுக்க ஒரே முக்காடா போட முடியுமா பாப்பா?"

"அக்கா, இது முட்டைக்கோஸ்க்கா. அதுக்கப்புறம் கேரட் இருக்கு, தக்காளி இருக்கு..."

"ஒரேயடியாவா எறக்கச் சொன்னேன்? லோரியிலேருந்து ஒண்ணொண்ணா எறக்குவோம்."

"மாமா சட்டையெல்லாம் எங்க வைப்பீங்க?"

"லோரியிலதான் குடியிருக்காரு, அங்கயே வச்சிக்கட்டும்." முட்டைக்கோசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம். "ஆமா, இதுக்கு வெதை எங்க இருக்கும்? வெட்டுனா உள்ள ஒண்ணும் இருக்காதே."

ஆறாம் படிவம் வரை படித்த எனக்கும் தெரியவில்லை. மசாலா டப்பாவிலும் அது கிடையாது.

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தச் சாமி கண்ட திருப்தி மறுபடியும் வந்தது.

"மலையில வெதைக் கடை இருக்கும்ல? மத்தியானம் காலி லோரியோட இந்த வழியா மலைக்குத் திரும்புவாருல்ல, அப்ப அவர்கிட்டயே சொல்லிவிடு. அவரே வாங்கிட்டு வரட்டும்."